கொடையா, உடன்படிக்கையா?
முகலாய அரசும் இராசபுத்திரத் தலைவர்களும்

பேரரசுகள் வாளால் எழுந்தன என்று சொல்வது எளிது. வாளால் ஒரு கோட்டையைப் பிடிக்கலாம். ஆனால் அக்கோட்டையைச் சூழ்ந்துள்ள நூற்றுக்கணக்கான ஊர்களில் ஆண்டுதோறும் வரி தண்டவும், வழிகளைக் காக்கவும், போர் வந்துழிப் படை திரட்டவும் வாள் ஒன்றே போதாது. அவ்வூர் மக்கள் தலைமுறை தலைமுறையாக எவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டு வந்தனரோ, அவருடைய துணையும் வேண்டும். 16, 17ஆம் நூற்றாண்டுகளில் உலகின் பல முடியரசுகளுக்கும் முன்நின்ற சிக்கல் இதுவே. பிரான்சில் பதினான்காம் லூயி, மாகாணப் பிரபுக்களை வெர்சேல்ஸ் அரண்மனைக்கு வரவழைத்துப் பதவியும் பொருளும் தந்து தம் பார்வையிலேயே வைத்துக்கொண்டார். ஜப்பானில் தோக்குகாவா ஆட்சியாளர், வட்டாரத் தலைவர்களை ஓராண்டு விட்டு ஓராண்டு தலைநகரில் வந்து தங்கச் செய்தனர். இந்தியாவில் முகலாயர் இச்சிக்கலுக்குக் கண்ட விடை மன்சப்தாரி முறை. அம்முறைக்குள் இராசபுத்திரத் தலைவர்கள் கொண்டுவரப்பட்ட வரலாறே இக்கட்டுரையின் பொருள்.

இப்பொருளை ஈண்டு எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழுமத்தின் 12ஆம் வகுப்பு வரலாற்று நூலிலிருந்து முகலாய அரசவைகள் பற்றிய பாடம் நீக்கப்பெற்று, 2023இல் அந்நூல் அப்பாடமின்றியே மாணவர் கைகளுக்கு வந்தது. பாடம் போன இடத்தில் மேடைப் பேச்சு வந்து அமர்ந்துகொள்கிறது. பாடத்தில் கேள்வி கேட்கலாம். மேடையில் கைதட்டத்தான் முடியும்.

மேடைகளில் இரண்டு கதைகள் வழங்குகின்றன. அக்பர் அருளாளர், ஔரங்கசீப் கொடியவர் என்பது ஒன்று. அக்பர் சமயத்தை விட்டு விலகியவர், ஔரங்கசீப்பே உண்மையான அரசர் என்பது மற்றொன்று. முதற்கதையைச் சொல்பவரும் இரண்டாவது கதையைச் சொல்பவரும் தம்முள் பகைவர் போலத் தோன்றினும், இருவரும் ஒரே தவற்றையே செய்கின்றனர். அரசர்களின் உள்ளத்தைப் பற்றிப் பேசுகின்றனரேயன்றி அவர்கள் நடத்திய அரசைப் பற்றிப் பேசுவதில்லை. அரசர் ஒருவரின் உள்ளம் இறைவனுக்கே தெரியும். அவர் யாருக்கு எதை வழங்கினார், எதை மறுத்தார், அதனால் விளைந்தது யாது என்பனவற்றை நாமும் அறியலாம்.

திருமணமா, மன்சபா?

அக்பர் இராசபுத்திரரைத் திருமண உறவால் வென்றார் என்பது பள்ளி நாள்முதல் நாம் கேட்டுவரும் செய்தி. 1562இல் ஆம்பேர் அரசர் பார்மலின் மகளை அக்பர் மணந்தார் என்பது உண்மை. ஆனால் அம்மணத்தின் பின்னணியை நோக்க வேண்டும். பார்மல் அன்று பெரிய அரசர் அல்லர். மேவாத் பகுதியிலிருந்த முகலாய அதிகாரி மிர்சா ஷரபுத்தீன் உசேன் அவரிடம் கப்பம் கேட்டு நெருக்கி, உறவினர் சிலரைப் பிணையாகவும் பிடித்து வைத்திருந்தார். குடும்பத்திற்குள்ளேயும் அரசுரிமைப் பூசல் இருந்தது. அந்நெருக்கடியிலிருந்து மீளவே பார்மல் நேராகப் பேரரசரை நாடினார்.

இந்து அரசகுலப் பெண்களை முசுலிம் அரசர் மணப்பது அதற்கு முன்பும் நிகழ்ந்ததே. புதுமை மணத்தில் இல்லை. மணத்திற்குப் பின் நிகழ்ந்ததில் உள்ளது. பார்மலும் அவர் மகன் பகவந்த் தாசும் பேரன் மான் சிங்கும் அரசின் உயர்ந்த பதவிகளில் அமர்த்தப்பெற்றனர். மான் சிங் காபூலையும் பீகாரையும் வங்காளத்தையும் ஆளும் பொறுப்பேற்றார். அரசகுலத்தவர் அல்லாதார்க்கு 5,000 என்பதே பொதுவான உச்சநிலையாக இருந்த காலத்தில், அவருடைய மன்சப் 7,000 வரை உயர்ந்தது.

மேலும் ஒரு சான்று உண்டு. ரந்தம்பூர்க் கோட்டையைக் காத்துநின்ற சுர்ஜன் ஹாடா 1569இல் பணிந்தார். அவர் குடும்பத்துடன் மண உறவு ஏதும் செய்துகொள்ளப்படவில்லை. ஆயினும் அவர் அரசுப் பணியில் ஏற்றுக்கொள்ளப்பெற்று உயர்ந்தார். பூந்தி ஹாடர்கள் நெடுங்காலம் முகலாயருக்குத் துணைநின்றனர். ஆகவே மணம் உறவுக்கு ஓர் அடையாளமேயன்றி அடித்தளம் அன்று. அடித்தளம் வேறு.

உடன்படிக்கையின் உட்பொருள்

மன்சப் என்பது பதவிநிலை. அதற்கு இரண்டு எண்கள் உண்டு. ஜாத் என்னும் எண் அலுவலரின் தகுதியையும் ஊதியத்தையும் காட்டும். சவார் என்னும் எண் அவர் வைத்திருக்க வேண்டிய குதிரைவீரர் படையைக் காட்டும். ஊதியம் பணமாகவோ ஜாகீராகவோ வழங்கப்பெறும். ஜாகீர் என்பது நிலவுடைமை அன்று. ஒரு பகுதியின் அரசு வரியைத் தண்டிக்கொள்ளும் உரிமை மட்டுமே. மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை அது மாற்றப்படும். அலுவலர் எவரும் ஓரிடத்தில் வேரூன்றிவிடக் கூடாது என்பதே இதன் நோக்கம்.

இவ்விதிக்கு இராசபுத்திரத் தலைவர்களுக்காக ஒரு விலக்கு அமைந்தது. அவர்களுடைய மூதாதையர் நிலம் வத்தன் ஜாகீர் எனக் கருதப்பட்டது. அது மாற்றப்படுவதில்லை, வழிவழியாக அக்குடும்பத்திடமே இருக்கும். பதவி உயருந்தோறும் அதற்கு மேற்பட்ட ஊதியத்திற்குப் பிற மாகாணங்களிலும் ஜாகீர் கிடைக்கும். ஆனால் தலைவர் ஒருவர் இறந்தால் அடுத்தவர் யார் என்பதற்குப் பேரரசரின் ஒப்புதல் வேண்டும். புதிய தலைவருக்குத் திலகமிடும் உரிமை பேரரசருடையது.

இருபுறத்து வரவையும் செலவையும் கணக்கிட்டுப் பாருங்கள். தலைவருக்குத் தம் மண் உறுதியாயிற்று. வறண்ட பாலைநிலத்தின் வருவாயோடு நாட்டின் பிற பகுதிகளின் வருவாயும் சேர்ந்தது. தம் குலத்து இளைஞர்க்குப் படைத்தொழில் கிடைத்தது. பேரரசருக்கோ குதிரைப்படை கிடைத்தது. நாட்டின் வழிகளையும் வழக்கங்களையும் அறிந்தவர் துணை கிடைத்தது. எல்லாவற்றிற்கும் மேலாக, வழியுரிமையில் இறுதிச் சொல் தம்முடையது என்னும் ஒப்புதல் கிடைத்தது. இதனைக் கொடை என்று சொல்லலாமா? கொடையில் கொடுப்பவர் ஒருவர், பெறுபவர் மற்றொருவர். இங்கே இருவரும் கொடுத்தனர், இருவரும் பெற்றனர். இது உடன்படிக்கை.

அவ்வுடன்படிக்கை பயன்பட்ட நாள் விரைவில் வந்தது. 1580இல் பீகாரிலும் வங்காளத்திலும் இருந்த முகலாய அலுவலர் பலர் கிளர்ந்தெழுந்தனர். குதிரைகளுக்குச் சூடிட்டுக் கணக்கெடுக்கும் புதிய கண்டிப்பு அவர்களுக்குப் பிடிக்கவில்லை. அக்பரின் சமயக் கொள்கையையும் காரணமாகக் காட்டினர். அக்பரின் தம்பியும் காபூலின் அரசருமாகிய மிர்சா ஹக்கீமை அவர்கள் அரசராகக் கொண்டாட, அவரும் படையுடன் லாகூர் வரை வந்துவிட்டார். கோட்டைக் கதவைத் திறக்க மறுத்துக் காத்துநின்றவருள் பகவந்த் தாசும் மான் சிங்கும் இருந்தனர். ஒரே குருதி, ஒரே சமயம், ஒரே மொழி என்றிருந்த உடன்பிறப்பு வாளுடன் வந்தபோது, ஆம்பேர்க் குடும்பம் அரசைக் காத்தது. குருதி உறவினும் கடமை உறவு வலியது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

சித்தூரை மறைத்தல் ஆகாது

இவ்வளவும் சொல்லிவிட்டுச் சித்தூரைச் சொல்லாமல் விட்டால், நாமும் மேடைப் பேச்சாளர் வரிசையில் சேர்ந்துவிடுவோம். 1567இல் தொடங்கிய முற்றுகையின் முடிவில் 1568 பிப்ரவரியில் சித்தூர்க் கோட்டை வீழ்ந்தது. அதன்பின் அக்பரின் ஆணையால் பெரும் படுகொலை நிகழ்ந்தது. அக்பரின் அரசவை வரலாற்றாசிரியராகிய அபுல் பசலே இறந்தோர் தொகையை 30,000 என எழுதியுள்ளார். அவ்வெற்றியைச் சமயத்தின் வெற்றியாகவே பறைசாற்றும் அறிக்கையும் வெளியிடப்பட்டது. திருத்தல யாத்திரை வரியை 1563இலும் ஜிஸ்யாவை 1564இலும் நீக்கியவரும் இதே அக்பர்தாம். ஆகவே அவரை அருளாளர் எனப் பாடுவதும் பொருந்தாது. அவர் காலத்துக் கொடுமையை மறைப்பதும் நேர்மையாகாது.

ஆயினும் சித்தூர் நமக்கு ஓர் உண்மையைக் கற்பிக்கின்றது. அப்படுகொலையால் மேவார் பணிந்ததா? இல்லை. ராணா பிரதாப் 1597இல் இறக்கும் வரை பணியவில்லை. 1576இல் ஹல்திகாட்டிப் போரில் அவரை எதிர்த்த முகலாயப் படைக்குத் தலைமை தாங்கியவர் மான் சிங். பிரதாப்பின் பக்கம் நின்று போரிட்டவருள் ஆப்கானியரான ஹக்கீம் கான் சூர் ஒருவர். இப்போரைச் சமயப் போர் என்று சொல்வோர் இவ்விரு பெயர்களுக்கும் விடை சொல்லியாக வேண்டும்.

மேவார் முகலாயருடன் இணங்கியது 1615இல். அன்று அரசர் ஜகாங்கீர். உடன்பாட்டை முடித்தவர் இளவரசர் குர்ரம். ராணா அமர் சிங் நேரில் அரசவைக்கு வரவேண்டியதில்லை. அவர் மகன் கரண் சிங் வந்தால் போதும். மண உறவு வேண்டப்படவில்லை. மதில்களைப் புதுப்பிக்கலாகாது என்னும் நிபந்தனையுடன் சித்தூரும் திருப்பித் தரப்பட்டது. கரண் சிங்குக்கு 5,000 மன்சப் வழங்கப்பெற்றது. ராணாவுக்கும் அவர் மகனுக்கும் பளிங்குச் சிலைகள் செய்வித்து ஆக்ராவில் நிறுத்தினார் ஜகாங்கீர். 1568இன் வாள் 47 ஆண்டுகளில் செய்ய முடியாததை ஒரு சிறு மதிப்பு செய்துமுடித்தது. பணிந்தவரின் நாணத்தைக் காக்கத் தெரிந்த அரசே நிலைத்த துணையைப் பெறுகின்றது.

எண்ணிக்கையும் மதிப்பும்

ஔரங்கசீப் இந்துக்களுக்குப் பதவியே தரவில்லை என்பது ஒரு சாராரின் கூற்று. அலிகார் வரலாற்றறிஞர் எம். அத்தர் அலி முகலாய உயர் அலுவலர் பட்டியல்களை ஆராய்ந்து 1966இல் வெளியிட்ட நூல் இக்கூற்றைத் தகர்த்தது. 1,000மும் அதற்கு மேலும் மன்சப் பெற்றோருள் இந்துக்களின் பங்கு 1658 முதல் 1678 வரை 21.6 விழுக்காடு. 1679 முதல் 1707 வரை அது 31.6 விழுக்காடு. பங்கு குறையவில்லை, கூடியிருக்கின்றது. நம்மவர் பலர் இவ்வெண்ணைச் சொல்லி அத்துடன் பேச்சை முடித்துக்கொள்கின்றனர். என் கருத்து, வினாவே அங்குத்தான் தொடங்குகிறது என்பதாகும். பங்கு உயர்ந்த அதே ஆண்டுகளில்தானே அரசு தளர்ந்தது? அது ஏன்?

உயர்வுக்குக் காரணம், தக்காணப் போரின் இடையே மராத்தியத் தலைவர்கள் பெருந்தொகையாகச் சேர்க்கப்பட்டமை. இராசபுத்திரரின் பங்கு அக்காலத்தில் குறைந்தது. பதவி பெற்ற மராத்தியர் பலர் நிலைத்து நிற்கவில்லை. பதவி வழங்கப்பட்டது, பதவிக்குரிய உறவு வளர்க்கப்படவில்லை.

இதன் வித்தை 1666லேயே காணலாம். ஜெய் சிங் முயன்று முடித்த 1665ஆம் ஆண்டின் புரந்தர் உடன்படிக்கைக்குப் பின், சிவாஜி ஆக்ரா அரசவைக்கு வந்தார். 5,000 மன்சப் பெற்றோர் வரிசையில் அவர் நிறுத்தப்பட்டார். முன்னரே அந்நிலை தம் சிறு மகனுக்கு வழங்கப்பட்டிருக்கத் தம்மையும் அவ்வரிசையில் நிறுத்தியதை இழிவாகக் கருதினார், சினந்தார், காவலில் வைக்கப்பட்டார், தப்பிச் சென்றார். 1674இல் ராய்கட்டில் முடிசூடிக்கொண்டார். அவரை எங்கே நிறுத்துவது என்பது அரண்மனை ஒழுங்கைப் பற்றிய சிறு செய்திதான். அச்சிறு செய்தி ஒரு பேரரசின் போக்கையே மாற்றியது.

அடுத்தது மார்வார். ஜஸ்வந்த் சிங் 1658இல் தர்மத் போரில் ஔரங்கசீப்பை எதிர்த்து நின்றவர். அவரை ஔரங்கசீப் மன்னித்து உயர் பதவிகளும் தந்தார். இதனை அவர் பெருந்தன்மைக்குச் சான்றாகச் சொல்வதில் தவறில்லை. ஜஸ்வந்த் சிங் 1678 டிசம்பரில் வடமேற்கு எல்லையில் ஜம்ரூதில் இறந்தார். அப்போது அவருக்கு மகன் இல்லை. இறந்தபின் பிறந்த குழந்தைகளுள் ஒருவர் அஜித் சிங். பேரரசர் மார்வாரை நேரடி ஆட்சியில் எடுத்துக்கொண்டார். பின்னர் ஜஸ்வந்த் சிங்கின் அண்ணன் பேரனாகிய இந்திர சிங்குக்கு 36 லட்சம் ரூபாய் வழியுரிமைக் கட்டணத்திற்கு அதனை வழங்கினார். வழியுரிமையை முடிவு செய்வது பேரரசரின் உரிமை என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவ்வுரிமை இதுகாறும் குலத்தாரின் மனமறிந்தே பயன்படுத்தப்பட்டு வந்தது. ரத்தோர் குலத்தார் ஏற்காத ஒருவரை அமர்த்தியதுடன், அதே 1679இல் ஜிஸ்யாவும் மீண்டும் விதிக்கப்பட்டது. துர்காதாஸ் தலைமையில் ரத்தோரும், அவர்களுடன் மேவாரும் எதிர்த்து எழுந்தனர். அவர்களை அடக்க அனுப்பப்பட்ட இளவரசர் அக்பரே 1681இல் தந்தைக்கு எதிராகக் கிளர்ந்து தக்காணத்திற்குச் சென்றார். ஔரங்கசீப்பும் தக்காணம் புறப்பட்டார். வடநாட்டிற்கு அவர் திரும்பவேயில்லை. மேவாருடன் 1681இலேயே உடன்பாடு ஆயிற்று. ஆம்பேர் துணைநின்றது. ஆகவே இராசபுத்திரர் அனைவரும் பிரிந்துவிட்டனர் என்பதும் மிகைக் கூற்றே. ஆனால் மார்வாரின் பிணக்கு பேரரசர் 1707இல் மறைந்த பின்பே தீர்ந்தது.

ஆகவே நான் துணிவது இது. எத்தனை பேருக்குப் பதவி தரப்பட்டது என்பது பாதிக் கணக்கு. பதவி பெற்றவர் தம்மை அரசின் பங்காளியாக உணர்ந்தாரா, பட்டியலில் ஓர் எண்ணாக உணர்ந்தாரா என்பது மறுபாதி. 21.6 என்றிருந்தபோது இருந்த பிணைப்பு 31.6 என்றானபோது இல்லை.

செஞ்சிக்கு வந்த செய்தி

இவ்வரலாறு நமக்குத் தொலைவானதன்று. எட்டாண்டு முற்றுகைக்குப் பின் 1698இல் முகலாயர் செஞ்சிக் கோட்டையைக் கைப்பற்றினர். புந்தேலா இராசபுத்திரரான சுரூப் சிங் அதன் தலைவராக அமர்த்தப்பெற்றார். மன்சப்தாரி முறைதான் விந்தியத்திற்கு வடக்கே வாழ்ந்த ஒரு குடும்பத்தைத் தென்னார்க்காட்டு மலையில் கொண்டுவந்து வைத்தது. 1714இல் சுரூப் சிங் இறக்க, அவர் மகன் தேஜ் சிங் வந்து பொறுப்பேற்றார். அவரே நம் நாட்டு மக்கள் பாடும் தேசிங்குராசன். தந்தைக்கு ஔரங்கசீப் வழங்கிய ஆணை தமக்கும் உரியது என்றார் அவர். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானோ, நிலுவையைச் செலுத்த வேண்டும், புதிய பேரரசரின் ஒப்புதலும் வேண்டும் என்றார். வத்தன் உரிமைக்கும் மாற்றத்தக்க பதவிக்கும் இடையே மார்வாரில் எழுந்த அதே வழக்குச் செஞ்சியிலும் எழுந்தது. அதற்குள் தில்லியின் கை தளர்ந்திருந்தது. இருவர்க்கும் நடுவே நின்று தீர்ப்புச் சொல்வார் இல்லை. போரில் தேசிங்கு மடிந்தார்.

மக்கள் பாடல் ஜாகீரையும் நிலுவையையும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. அது நினைவில் வைத்துக்கொண்டது தேசிங்குக்காகத் திருமணப் பந்தலை விட்டெழுந்து வந்து உயிர்கொடுத்த மாமத்கானை. அரசவை ஏடுகள் பதவியை எழுதின. தெருக்கூத்தும் கதைப்பாட்டும் நட்பை எழுதின. இரண்டையும் சேர்த்துப் படிப்பவர்க்கே வரலாறு முழுமையாகும். தமிழ்த் துறை மாணவர் இதனில் செய்ய வேண்டிய பணி உண்டு.

விலை கொடுத்தவர் யார்?

ஒரு செய்தியை இறுதியாகச் சொல்ல வேண்டும். பேரரசரும் தலைவர்களும் செய்துகொண்ட உடன்படிக்கையில் உழவர் ஒப்பமிடவில்லை. அக்பர் காலத்துப் பத்தாண்டுச் சராசரித் திட்டத்தில் விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கு வரி என வகுக்கப்பட்டது. அவ்வரியே மன்சப்தார்களின் ஊதியம், குதிரை, மாளிகை, கொடை அனைத்துமாயிற்று. மூன்று நான்கு ஆண்டுகளில் மாறிப்போகும் ஜாகீர்தாருக்கு அந்நிலத்தின் நாளை பற்றிக் கவலை இராது. எவ்வளவு தண்டலாம் என்பதே நினைவாக இருக்கும். இந்து ஜாகீர்தாரும் முசுலிம் ஜாகீர்தாரும் இதில் வேறுபட்டாரில்லை. இந்து உழவரும் முசுலிம் உழவரும் பட்ட துன்பத்திலும் வேறுபாடு இல்லை. மேலோர் இணக்கத்தைப் போற்றும் நாம், அதன் செலவை ஏற்றவரை மறத்தலாகாது.

நம் சமுதாயப் பெரியோர்க்கு ஒரு வேண்டுகோள். அரசர்களின் புகழை நம் புகழாகவும் அவர்களின் பழியை நம் பழியாகவும் சுமப்பதை இனியேனும் விட்டுவிடுவோம். சித்தூருக்கு நாம் விடை சொல்ல வேண்டியதில்லை. 1615ஆம் ஆண்டு உடன்பாட்டுக்கு நாம் பெருமை கொண்டாட வேண்டியதும் இல்லை. இரண்டையும் அறிந்திருப்பதே நம் கடமை.

மாணவர்க்கும் ஒரு சொல். நாளை உங்களுள் சிலர் ஆட்சிப்பணியில் அமர்வீர். சிலர் நிறுவனங்களை நடத்துவீர். சிலர் கட்சிகளில் தலைமை தாங்குவீர். உங்கள் முன்னும் பட்டியல் வரும். இன்ன பிரிவினர்க்கு இத்தனை இடம் என்னும் எண் வரும். அவ்வெண் வேண்டும், அதனை விட்டுக்கொடுத்தல் ஆகாது. ஆனால் அத்துடன் பணி முடிந்தது என்று எண்ணிவிடாதீர்கள். இடம் பெற்றவர் எந்த வரிசையில் நிற்கிறார், அவர் சொல்லுக்கு அவையில் செவி உண்டா, அவர் மதிப்பு காக்கப்படுகிறதா என்று கேளுங்கள். ஆக்ரா அரசவையில் ஒருநாள் அக்கேள்வியைக் கேட்பார் இல்லாது போயினர். அதன் விலையைக் கால் நூற்றாண்டுப் போராக ஒரு பேரரசு செலுத்தியது.